எங்க சேகர கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்: இந்த வருஷம் கொயர் பாடுறது சபைக்கு கேக்கணும்

போதகர் ஐயாவுக்கும், நம்ம சபை காரியங்கள நடத்துற சேகர கமிட்டி அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் தோத்திரம்.

நவம்பர் மீட்டிங்ல கிறிஸ்மஸ் கீத ஆராதனை பத்தி பேசி முடிவெடுக்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். இந்த தடவ சர்ச்சுக்குள்ள வேண்டாம், ஸ்கூல் கிரவுண்ட்ல மேடை போட்டு எல்இடி வால்னு பெரிய திரை வச்சிரலாம், வெளியூர்ல இருந்து பேண்டோட வர்றவங்க பாதி நேரம் பாடட்டும், நம்ம கொயர், அதாவது சபைப் பாடகர் குழு, நாலு பாட்டு பாடினா போதும், அதுவும் முன்னாலயே பதிவு பண்ணின டிராக் போட்டு பாடிரலாம்னு பேச்சு ஓடுது. பாளையங்கோட்டையில இருக்கிற நம்ம சபைக்காரங்க எல்லாரும் இத வாசிக்கணும்னுதான் கமிட்டிக்கு தனியா குடுக்காம பொதுவுல எழுதுறேன். நான் கொயர்ல இல்ல, எனக்கு பாட வராது, என் மக ஆல்டோல பாடுறா. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், நம்ம பிள்ளைங்க பாடுறத சர்ச்சுக்குள்ள வச்சு, அவங்க சொந்தக் குரல்ல, நாலு பார்ட்டும் (மேல இருந்து கீழ சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ்னு நாலு குரல்) கேக்குற மாதிரி சபைக்கு கேக்க விடுங்க.

போன வருஷம் என்ன நடந்துச்சுன்னு முன்னால உக்காந்திருந்தவங்களுக்கு தெரியும். முப்பது பேருக்கு மேல கவுன் போட்டு நிக்கிறாங்க, கைல பிடிக்கிற மைக் நாலு, அதுல ரெண்டு சொப்ரானோ பக்கம் போயிருச்சு, ஒண்ணு கொயர் மாஸ்டர் பக்கத்துல, ஒண்ணு பேஸ் அண்ணாச்சிமாருக்கு. ஆல்டோவுக்கும் டெனருக்கும் ஒண்ணுமில்ல. கீபோர்டு நேரா மிக்சர்ல, ரிதம் பேட் நேரா மிக்சர்ல. சவுண்ட் சர்வீஸ் தம்பி மேல தப்பு சொல்ல மாட்டேன், அவருக்கு கல்யாண வீட்டு கச்சேரி பழக்கம், கொயர்னா எப்படி கேக்கணும்னு யாரும் அவருக்கு சொல்லல. சபைக்கு என்ன கேட்டுச்சுன்னா மைக்குக்கு பக்கத்துல நின்ன ரெண்டு மூணு பிள்ளைங்க குரலும் கீபோர்டும்தான், மத்தவங்க வாய் அசையுறது மட்டும் தெரிஞ்சுச்சு. வீட்டுக்கு வந்து என் மக சொன்னா, "அப்பா, எங்களுக்கே நாங்க பாடினது கேக்கல, டெனர் எங்க இருக்காங்கன்னே தெரியல, ஒரு குத்துமதிப்பா பாடிட்டு வந்தோம்"னு. ரெண்டு மாசமா படிச்ச பிள்ளைங்க குத்துமதிப்பா பாடினாங்கன்னா அது அவங்க குறையா?

கொயர்னா என்னன்னு கமிட்டில எல்லாருக்கும் தெரியும், ஆனா பிராக்டிஸ் பக்கம் வந்து பார்த்தவங்க கொஞ்சம் பேர்தான், அதனால சொல்றேன். மெட்டு சொப்ரானோகிட்ட இருக்கும், நம்ம காது மேல இருக்கிற அந்த ஒரு குரல் பின்னாலயே போயிரும். ஆனா பாட்டு நிக்கிறது கீழ இருக்கிற மூணு பார்ட்டுலதான். ஆல்டோ ரெண்டு மூணு ஸ்வரத்துக்குள்ளயே சுத்திச் சுத்தி வரும், தனியா பாடினா அது ஒரு பாட்டு மாதிரியே இருக்காது, ஆனா அத எடுத்துட்டா மொத்தமும் வெறிச்சுன்னு ஆயிரும். டெனர் ஒரு இடத்துல அரை ஸ்வரம் இறங்கும்போதுதான் நமக்கு உடம்பு சிலிர்க்கும், ஏன் சிலிர்க்குதுன்னு நமக்கு தெரியாது. ஒவ்வொருத்தரும் பக்கத்துல நிக்கிறவங்கள கேட்டு கேட்டு தன் சத்தத்த கூட்டிக் கொறைச்சுதான் பாட முடியும். மைக் யார் வாய்கிட்ட இருக்கோ அவங்க குரல் மட்டும் தனியா வெளிய வந்து விழுந்தா அதுக்குப் பேரு கொயர் இல்ல. டிராக் போட்டா இன்னும் மோசம், மூச்சு வாங்கணும்னா டிராக் நிக்காது, வார்த்தைக்கு இடம் குடுக்கணும்னா டிராக் காத்திருக்காது, மாஸ்டர் கை எதுக்கு அப்புறம்?

அறுப்பின் பண்டிகை முடிஞ்ச கையோட பிராக்டிஸ் ஆரம்பிச்சிருவாங்க. ஒரு நாள் மகள கூப்பிடப் போனப்ப ரொம்ப நேரம் வெளிய நின்னு கேட்டுட்டே இருந்தேன். ஒரே ஒரு அடி, அது "ராஜன்"னு முடியுது. அந்த "ஜ"வ நாலு எண்ணம் இழுக்கணும், கடைசில "ன்" வரணும். சில பேர் மூணாவது எண்ணத்துலயே நாக்க மேல ஒட்டிர்றாங்க, அப்போ பாதி பேர் குரல் மூக்குக்குள்ள போயிருது, மீதி பேர் இன்னும் வாய் திறந்திருக்காங்க. மாஸ்டர் திருப்பித் திருப்பி பாட வச்சாரு, கைய காத்துல அப்படியே பிடிச்சு வச்சிருப்பாரு, விரல மூடும்போதுதான் எல்லாரும் "ன்" சொல்லணும். முதல்ல சிதறிச்சு, அப்புறம் ரெண்டா கேட்டுச்சு, கடைசில ஒரே ஆள் சொன்ன மாதிரி வந்துச்சு பாருங்க, பேஸ்ல பாடுற ரிட்டையர்டு ரயில்வே அண்ணாச்சி சத்தமா "அல்லேலூயா"ன்னுட்டாரு, எல்லாரும் சிரிச்சிட்டாங்க. வெளிநாட்டு மெட்டுக்கு தமிழ் வார்த்தைய உக்கார வைக்கிறது லேசு இல்ல, குறில் வர்ற இடத்துல மெட்டு நீளும், "குழந்தை"ன்னு பாடுறது "கூழந்தை" ஆயிரும், அதுக்காக ஸ்வரத்த உடைச்சு அடுத்த எழுத்துக்கு நகத்தி பென்சில்ல ஒவ்வொருத்தர் காப்பிலயும் எழுதி வச்சிருக்காங்க. இவ்வளவு வேலையும் கேக்குறவங்க காதுக்கு வரணுமா வேண்டாமா?

அந்த காப்பிகளும் பார்க்க வேண்டியதுதான். அதெல்லாம் டானிக் சோல்ஃபால எழுதினது. ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது அஞ்சு கோட்டு மேல எழுதுற இசைக்குறிப்பு, வாசிக்கத் தெரியாதவங்களும் டோ ரே மீ எழுத்த வச்சு பார்ட்ஸ் பாடிரலாம்னு 19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல ஜான் கர்வன்னு ஒரு போதகர் பரப்பினது. அவருக்கும் முன்னால நாரிச் ஊர்ல சாரா குளோவர்னு ஒரு டீச்சரம்மா பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்க உண்டாக்கினதுல இருந்து எடுத்தது. மிஷனரிங்க அத உலகம் பூரா கொண்டு போனாங்க, மிசோரம்லயும் தென் ஆப்பிரிக்காவுலயும் சபை சபையா இன்னும் சோல்ஃபா பார்த்துதான் பாடுறாங்க. நம்ம திருநெல்வேலி பக்கமும் அப்படித்தான் வந்துச்சு. பியானோ கிளாஸுக்கு காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைங்களும் நாலு பார்ட் பாடினது அதனாலதான். நம்ம கொயர்ல இருக்கிற காப்பிங்க ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்தே மங்கிப்போச்சு, டெனர் வரி பாதி இடத்துல பேனாவால திரும்ப எழுதினது. எல்இடி வாலுக்கு ஒரு ராத்திரிக்கு குடுக்குற வாடகைல எல்லா பாட்டையும் புதுசா டைப் பண்ணி பிரிண்ட் எடுத்து ஃபைல் போட்டுரலாம்.

பாடுறவங்க யாருன்னும் சொல்லணும். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரில டூட்டி முடிச்சு யூனிபார்ம் மாத்தாம கூட நேரா பிராக்டிஸுக்கு வர்ற நர்ஸ் அக்கா ஒருத்தங்க, ரெண்டு டீச்சருங்க, பேங்க்ல வேலை பாக்குற ஒரு தம்பி, ஆட்டோ ஓட்டுற ஒரு அண்ணன் (அவர் டெனர், அவர் வரலன்னா அன்னைக்கு டெனரே இல்ல), பாலிடெக்னிக் படிக்கிற பையனுங்க நாலஞ்சு பேரு, கல்யாணம் ஆகி குழந்தைய மாமியார்ட்ட விட்டுட்டு ஓடி வர்ற பிள்ளைங்க. யாருக்கும் சம்பளம் இல்ல, பெட்ரோல் காசு இல்ல. பையனுங்களுக்கு குரல் உடையுற வயசுல மூணு நாலு வருஷம் எங்க நிக்கிறதுன்னே தெரியாது, சொப்ரானோல இருந்து இறங்கி பேஸ்க்கு போறதுக்குள்ள பாதி பேர் விட்டுட்டுப் போயிருவாங்க. அந்த வயசுப் பையனுங்கள நம்ம மாஸ்டர் பக்கத்துலயே நிக்க வச்சு, "உனக்கு வர்ற ஸ்வரம் மட்டும் பாடு, வராதது வந்தா சும்மா நில்லு"ன்னு சொல்லி பிடிச்சு வச்சிருக்காரு. மேடைல டிராக் ஓட விட்டா அந்தப் பையன் பாடினா என்ன பாடாட்டி என்னன்னு ஆயிரும். அடுத்த வருஷம் வர மாட்டான்.

கீத ஆராதனைங்கிற முறை எங்க இருந்து வந்துச்சுன்னு பார்த்தா எனக்கு இன்னும் உறுதியாத் தோணுது. ஒன்பது வேதபாடம், நடுநடுவுல பாட்டு, இது இங்கிலாந்துல ட்ரூரோ ஊர்ல 1880 கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி பிஷப் பென்சன் நடத்தினது. அப்போ அங்க கதீட்ரல் கட்டிட்டு இருந்தாங்க, ஆராதனை நடந்தது தற்காலிகமா போட்ட ஒரு மரக் கொட்டகைல. அப்புறம் 1918ல, முதல் உலகப் போர் நின்னு ஒன்றரை மாசம் கூட ஆகல, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் சேப்பல்ல மில்னர் ஒயிட்னு ஒரு போதகர், போர்ல ராணுவத்தோட இருந்துட்டு வந்தவரு, அதே முறைய எடுத்து நடத்தினாரு. 1928ல இருந்து பிபிசி ரேடியோல வருது. உலகமே கேக்குற அந்த ஆராதனை எப்படி தொடங்குது தெரியுமா, ஒரே ஒரு சின்னப் பையன், பின்னால வாத்தியம் எதுவும் இல்லாம, முதல் கவிய தனியா பாடுறான். சில பையனுங்களுக்கு சொல்லிக் குடுத்து வச்சிருப்பாங்க, யார் பாடுறதுன்னு ஆரம்பிக்கிற நேரத்துலதான் மாஸ்டர் கை காட்டுவாரு. நம்ம சபைலயும் அதே ஒன்பது பாடம்தான், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைல இருந்து ஐயா வரைக்கும் வரிசையா வாசிக்கிறோம். ஆனா இப்போ ரெண்டு பாடத்துக்கு நடுவுல வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் பேச்சு, பொன்னாடை, நினைவுப் பரிசு, ஸ்பான்சர் பேரு வாசிக்கிறதுன்னு சேர்ந்து சேர்ந்து, போன வருஷம் அஞ்சாவது பாடம் முடியுறதுக்குள்ள சின்னப் பிள்ளைங்க எல்லாம் தூங்கிப்போச்சு, கொயர் நின்னே காத்துக்கிட்டு இருந்தாங்க. நின்னு நின்னு காத்திருந்தா தொண்டை ஆறிப்போகும், சுருதி இறங்கும். வந்தவங்கள மதிக்க வேண்டாம்னு சொல்லல. ஆசீர்வாதம் முடிஞ்ச பிறகு ஹால்ல கேக்கும் டீயும் குடுக்கும்போது பொன்னாடை போடுங்க, எல்லாரும் கைதட்டுறோம்.

இப்போ 2023 டிசம்பர ஞாபகப்படுத்துறேன். 17ஆம் தேதி ஞாயித்துக்கிழமை பிடிச்ச மழை, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட கொட்டிச்சு, தாமிரபரணி கரை தாண்டி திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ள தண்ணி, ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நடுவழில நின்னுச்சு. அந்த வருஷம் நம்ம கமிட்டிதான் லைட் செட், ஸ்டேஜ், சாப்பாடு எல்லாத்தையும் கேன்சல் பண்ணி, அந்தக் காச ஆத்துக்கரை கிராமங்களுக்கு அரிசியும் பாயுமா வாங்கிக் குடுத்தீங்க. அந்த முடிவ நினைச்சா இன்னைக்கும் பெருமையா இருக்கு. கீத ஆராதனை சர்ச்சுக்குள்ளயே நடந்துச்சு, வேதபாடம் வாசிக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு மைக், கொயருக்கு ஒண்ணுமே இல்ல. குளிர்ந்திருந்ததால ஃபேன் கூட போடல. நம்ம சர்ச் மைக்கே இல்லாத காலத்துல கட்டினது, உயர்ந்த கூரை, சுண்ணாம்புச் சுவரு, ஒருத்தர் வாய் திறந்தா அந்தச் சத்தம் மேல போயி பரந்து கடைசி பெஞ்சு வரைக்கும் வந்து இறங்கும். அன்னைக்கு நான் பின்னால கதவுகிட்ட நின்னுட்டு இருந்தேன். மூணாவது பாட்டுல ஆல்டோ தனியா தெரிஞ்சுச்சு, முதல் தடவையா என் மக பாடுற வரி எதுன்னு எனக்கு தெரிஞ்சுச்சு. வீடெல்லாம் சேறாகி வந்திருந்த குடும்பங்க முன்னால உக்காந்திருந்தாங்க, யாரும் போன் எடுக்கல, யாரும் எந்திரிச்சு வெளிய போகல. அதுக்கப்புறம் எத்தனை பேர் கமிட்டிக்காரங்ககிட்டயே "இந்த வருஷம்தான் பாட்டு கேட்டோம்"னு சொன்னாங்க, நீங்களே கேட்டிருக்கீங்க. காசு செலவு பண்ணாத வருஷம்தான் கொயர் நல்லா கேட்டுச்சு.

வாலிபப் பிள்ளைங்க பேண்டு இல்லன்னா வர மாட்டாங்க, வேற ஃபெலோஷிப்புக்கு போயிருவாங்கன்னு கமிட்டில ஒரு வருத்தம் இருக்குன்னு எனக்கு தெரியும். அது நியாயமான வருத்தம். ஆனா கொயர்ல நிக்கிறதுல பாதிக்கு மேல வாலிபப் பிள்ளைங்கதான! அவங்கள டிராக்குக்கு பின்னால நிறுத்தி, முன்னால வெளியூர்க்காரங்கள பாட விட்டுட்டு, வாலிபர்கள சபைல பிடிச்சு வைக்கிறோம்னு எப்படி சொல்ல முடியும்? கிட்டார் வேணுமா, வாசிக்கத் தெரிஞ்ச பையன் நம்ம சபைல இருக்கான், ஒரு பாட்டுக்கு கிட்டார் மட்டும் வச்சு பாடட்டும். கீர்த்தனைக்கு தபேலாவும் வயலினும் வேணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. கிறிஸ்தவ கீர்த்தனை எழுதின தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் காலத்துல இருந்து நம்ம ராகத்துல நம்ம தாளத்துல பாடிட்டுத்தான் இருக்கோம். ஆபிரகாம் பண்டிதர் நம்ம பக்கத்து சாம்பவர்வடகரைல பிறந்தவரு, தஞ்சாவூர்ல போயி இருந்துக்கிட்டு சொந்தக் காசுல இசை மாநாடு கூட்டி, 1917ல கருணாமிர்த சாகரம்னு தமிழ் இசை பத்தி அவ்வளவு பெரிய புத்தகம் போட்டாரு. அப்படிப்பட்டவரு பிறந்த மண்ணுல, பாடத் தெரிஞ்ச பிள்ளைங்கள வச்சுக்கிட்டு, யாரோ எங்கயோ கம்ப்யூட்டர்ல செஞ்ச டிராக்குக்கு வாயசைக்கச் சொல்றது எனக்கு மனசுக்கு ஒப்பல. சென்னைல மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893ல ஆரம்பிச்சது, இன்னைக்கும் வேலைக்குப் போற ஜனங்க சாயந்திரம் கூடிப் படிச்சு பெரிய பெரிய கொயர் பாட்டெல்லாம் பாடுறாங்க. நம்மளும் அந்தக் கூட்டத்தச் சேர்ந்தவங்கதான்.

இடம் பத்தாதுன்னு ஒரு பேச்சு, அதனாலதான் கிரவுண்டுன்னு சொல்றீங்க. ஹாண்டல்ங்கிற இசையமைப்பாளரோட மெசையாங்கிற பெரிய கொயர் படைப்ப முதன்முதலா டப்ளின்ல 1742 ஏப்ரல் 13ஆம் தேதி பாடினப்போ அங்கயும் இதே பிரச்சினைதான். அவங்க பெரிய மைதானம் தேடல, பேப்பர்ல விளம்பரம் குடுத்து, பெண்கள் வளையம் வச்ச பாவாடை இல்லாம வாங்க, ஆண்கள் வாள் இல்லாம வாங்க, அப்போதான் இன்னும் கொஞ்சம் பேர் உக்கார முடியும்னு கேட்டுக்கிட்டாங்க. 700 பேர் நெருக்கி உக்காந்து கேட்டாங்க. வந்த காசு ரெண்டு ஆஸ்பத்திரிக்கும், கடன் கட்ட முடியாம ஜெயில்ல கிடந்தவங்கள மீட்கவும் போச்சு, 142 பேர் வெளிய வந்தாங்க. கொயரா நின்னு பாடினது அந்த ஊர் ரெண்டு கதீட்ரல்ல பாடிட்டிருந்தவங்கதான். நம்ம இடம் பத்தலன்னா ரெண்டு நாளா வைங்க, சனிக்கிழம ஒரு தடவ, ஞாயித்துக்கிழம ஒரு தடவ. பிள்ளைங்க சந்தோஷமா ரெண்டு தடவ பாடுவாங்க, நான் கேட்டுட்டேன். காணிக்கைய எதுக்கு குடுக்கலாம்னு நீங்க முடிவு பண்ணுங்க.

சவுண்ட் விஷயம், இது ரொம்ப செலவு இல்ல. கொயருக்கு கை மைக் வேண்டவே வேண்டாம். ரெக்கார்டிங்குக்கோ வெளிய உக்காந்திருக்கிறவங்களுக்கோ சத்தம் வேணும்னா உயரமான ஸ்டாண்ட்ல தள்ளி இருந்தே சத்தம் பிடிக்கிற கண்டன்சர் மைக் ரெண்டு, கொயருக்கு முன்னால ஆறேழு அடி தள்ளி, தலைக்கு மேல இருந்து பார்க்கிற மாதிரி வச்சா நாலு பார்ட்டும் சேர்ந்தே விழும். சத்தத்த உள்ள இருக்கிற ஸ்பீக்கர்ல குடுக்க வேண்டாம், வெளிய பந்தலுக்கு மட்டும் குடுங்க. கீபோர்டு அதோட சொந்த ஸ்பீக்கர்லயே இருக்கட்டும், இல்ல ஆர்கன் வாசிக்கட்டும், ஆர்கன ஒரு தடவ ஆள் கூப்பிட்டு சர்வீஸ் பண்ணணும், ரெண்டு கட்டை ஒட்டிக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது. ஜெனரேட்டர காம்பவுண்டு சுவர் பக்கம் தள்ளிப் போடுங்க. பாட்டு நேரம் ஃபேன நிறுத்திருங்க, டிசம்பர்ல யாருக்கும் வேர்க்காது. சவுண்ட் தம்பிய கடைசி ரெண்டு பிராக்டிஸுக்கு வரச் சொல்லி மாஸ்டரோட பேச விடுங்க, அவரும் பாட்டு என்னன்னு தெரிஞ்சுக்கட்டும். அப்புறம் பிராக்டிஸ் ஹால் சாவி, அது இப்போ யார்கிட்ட இருக்குன்னு தேடுறதுலயே வாரத்துக்கு அரை மணி நேரம் போகுது, கொயர்கிட்ட ஒரு சாவி குடுத்துருங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல முடியுது, தனியா போற பிள்ளைங்களுக்கு சபை வேன விட்டு வீட்டுல இறக்கச் சொல்லுங்க, ரெண்டு பிள்ளைங்க இந்த ஒரே காரணத்துக்காக இந்த வருஷம் நின்னுட்டாங்க.

கடைசி பாட்டுக்கு சபை எந்திரிச்சு நிக்கிறப்போ போன தூக்கிப் பிடிக்காம இருக்கச் சொல்லி ஐயா முன்னாடியே ஒரு வார்த்தை அறிவிச்சா நல்லாயிருக்கும், கொயர்க்கு மாஸ்டர் முகமே தெரிய மாட்டேங்குது.

முடிவெடுக்கிறதுக்கு முன்னால கமிட்டில எல்லாரும் ஒரு சனிக்கிழம சாயந்திரம் ஏழு மணிக்கு பிராக்டிஸுக்கு வாங்க, சர்ச்சுக்குள்ள நிக்க வச்சு ரெண்டு பாட்டு மைக் இல்லாம பாடச் சொல்றோம், நீங்க பின்னால கதவுகிட்ட நின்னு கேளுங்க. கேட்ட பிறகும் கிரவுண்டும் டிராக்கும்தான் வேணும்னு தோணினா அத சபைக் கூட்டத்துல வச்சு சொல்லுங்க. இந்த மடல்ல இருக்கிறத மீட்டிங் அஜெண்டாவுல சேர்க்கச் சொல்லி தனியா மனுவும் எழுதிருக்கேன், கையெழுத்து போட பெண்கள் ஐக்கியத்துலயும் வாலிபர் சங்கத்துலயும் ஆள் இருக்காங்க, வர்ற ஞாயித்துக்கிழம ரெண்டாவது ஆராதனை முடிஞ்சதும் செயலர் அண்ணாச்சி கைல குடுக்குறேன்.

உங்கள்ல ஒருத்தன்,
ஆல்டோ பாடுற ஒரு பிள்ளையோட அப்பா